லைன் போடும் முன் மூன்று கேள்வி

போன மாதம் சர்வீஸ் மேசையை மகேஸ்வரியிடம் ஒப்படைத்துவிட்டேன். இனி அந்த நாற்காலி அவளுக்கு. அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தவள் அடித்தட்டிலிருந்து நீள நோட்டு ஒன்றை உருவினாள்.

"கனியக்கா, இது என்ன வைத்தியக் குறிப்பா? 'தொண்டை அடைச்சிருக்கு', 'பேய் புடிச்சிருக்கு', 'ஒரு பக்கம் இழுக்குது'ன்னு எழுதியிருக்கு!"

"வைத்தியந்தான். எதிர்ப்பக்கம் பாரு."

எதிர்ப்பக்கம் முழுவதும் இணைய முகவரிகள். நீலம், கறுப்பு, சிவப்பு என்று கையில் கிடைத்த பேனாவில் எல்லாம் எழுதியவை. சிலவற்றை அடித்திருக்கும், சிலவற்றுக்கு நட்சத்திரம் போட்டிருக்கும்.

"இதையெல்லாமா எழுதி வச்சிருந்தீய? தேடுனா வந்திட்டுப் போகுது."

தேடினால் வராத காலத்தைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் யாரோ லேப்டாப்பில் காபியைக் கொட்டிவிட்டு ஓடி வந்தார்கள். மிச்சத்தை இங்கே சொல்லிவிடுகிறேன்.

என் படிப்பை முதலில் சொல்லிவிட்டால் பிறகு யாரும் ஏமாற வேண்டாம். பத்தாவது முடித்ததும் தீப்பெட்டி ஆபீசில் லேபிள் ஒட்டினேன். சாயங்காலம் டைப்ரைட்டிங். லோயர் ஒரே தடவையில் பாஸ், ஹையர் இரண்டாம் தடவையில். கல்யாணம், ஒரு பெண் குழந்தை, அப்புறம் செல்லையா அண்ணாச்சியின் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் வேலை. தொண்ணூறுகளின் நடுவில் கம்ப்யூட்டர்கள் முன்னறைக்கு வந்தன, டைப்ரைட்டர்கள் பின்னறைக்குப் போயின. நான் முன்னறைக்கு நகர்ந்துகொண்டேன். கெட்டுப்போன பெட்டிகளைத் திறந்து பார்த்து, மூடிப் பார்த்து, மறுபடி திறந்து பார்த்தே ரிப்பேர் பழகினேன். அவ்வளவுதான்.

செல்லையா அண்ணாச்சிக்குத் தீப்பெட்டி ஆபீசும் உண்டு, இந்தக் கம்ப்யூட்டர் சென்டரும் உண்டு. இரண்டுக்கும் சேர்த்து ஒரே போன். வடக்கேயிருந்து தீப்பெட்டி கேட்டுப் பார்ட்டிகள் கூப்பிடுவதும் அதில்தான், மோடத்தைச் சொருகி நாங்கள் இண்டர்நெட்டுக்குள் போவதும் அதில்தான். நாங்கள் உள்ளே இருக்கும்போது ஒரு பார்ட்டி கூப்பிட்டால் போதும், இணைப்பு அறுந்துவிடும். ஒரு அழைப்புக்கு நடுவிலேயே அடுத்ததை உள்ளே விடுகிற கால் வெயிட்டிங் வசதி செய்கிற வேலை அது. எடுத்துவிடலாம் என்று நான் கெஞ்சாத மாதம் கிடையாது.

"கூப்புடுதவனுக்கு பிஸின்னு கேட்டுச்சுன்னா அடுத்த ஆபீசுக்குப் போயிருவான் தாயி. ஒங்க இண்டர்நெட்டு எங்கயும் ஓடிப்போகாது" என்பார்.

அண்ணாச்சி மவுசைத் தொட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் மோடம் கீச்சிட ஆரம்பித்ததும் நாற்காலியைவிட்டு எழுந்து, மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிடுவார். இணைப்புக் கிடைத்துச் சத்தம் அடங்கும்வரை அப்படியே நிற்பார்.

"யாருக்கு அண்ணாச்சி இந்த மரியாதை?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"எங்கனயோ இருக்கிறவன் வீட்டுக் கதவைத் தட்டுதோம்லா? மடிச்சுக் கட்டிக்கிட்டா நிக்கது?"

அப்படிக் கதவைத் தட்டுவதற்கு முன் அவர் ஒரு முறை வைத்திருந்தார். யார் எதைத் தேடி வந்தாலும் மூன்று கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். என்ன வேணும்? எதுக்கு வேணும்? கெடைக்கலைன்னா என்ன செய்வீரு? மூன்றுக்கும் பதிலை நான் ஒரு சீட்டில் எழுதிக்கொண்ட பிறகுதான் லைன்.

முதல் கேள்வியிலேயே பாதிப்பேர் விழுந்துவிடுவார்கள். மில்லில் சூப்பர்வைசராக இருந்த ஒருவர் புதுக் கம்ப்யூட்டர் வாங்கிய சந்தோஷத்தில் வந்து, "இண்டர்நெட்ல நல்லதா எதாவது எடுத்துக் குடுங்க" என்றார்.

"பலசரக்குக் கடையில போயி 'நல்லதா எதாவது குடு'ன்னு கேப்பீயளா?" என்றார் அண்ணாச்சி. அவர் வீட்டுக்குப் போய் யோசித்து, மறுநாள் "பிரிண்டர்ல தமிழ் எழுத்து கட்டம் கட்டமா வருது" என்று திரும்பி வந்தார். அதைத் தேடலாம்.

மூன்றாவது கேள்வி இன்னும் பொல்லாதது. கெடைக்கலைன்னா என்ன செய்வீரு? "பக்கத்து வீட்டுத் தம்பிக்கிட்ட சிடி இருக்காம், கேட்டு வாங்கிக்கிடுவேன்" என்பார் வந்தவர். "அப்பம் அதை மொதல்ல செஞ்சிரும்" என்று அனுப்பிவிடுவார் அண்ணாச்சி. வியாபாரம் செய்கிற ஆளா இது என்று எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் அப்படிப் போனவர்கள்தான் திரும்பத் திரும்ப எங்களிடம் வந்தார்கள்.

லைன் கிடைத்ததும் உள்ளே உட்கார்ந்து படிக்கக்கூடாது. நோட்டில் இருக்கும் முகவரிகளில் பொருத்தமான ஏழெட்டை ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்துவிட வேண்டும். எல்லாம் இறங்கி முடிந்ததும் லைனைத் துண்டித்துவிட வேண்டும். அப்புறம் சாவகாசமாகப் படித்து, எது வேண்டுமோ அதைக் குறித்துக்கொண்டு, மறுபடி லைன் போட்டு அதை மட்டும் எடுத்து வர வேண்டும். கல்யாண வீட்டுப் பந்தியில் எல்லாவற்றையும் இலையில் வாங்கிக்கொண்டு அப்புறம் சாப்பிடுகிற மாதிரி.

முகவரிகளை எங்கே பிடித்தேன் என்று கேட்டால், கம்ப்யூட்டர் பத்திரிகைகளின் ஓரத்தில், பிரிண்டர் அட்டைப்பெட்டியின் அடியில், மதுரையில் ஹோல்சேல் கடைக்காரர் பில்லின் பின்னால் கிறுக்கிக் கொடுத்ததில். ஒவ்வொன்றையும் போய்ப் பார்த்த பிறகுதான் நோட்டில் ஏற்றுவேன். எழுதினவர் பேர் போட்டிருக்கிறாரா, கடைசியாக எப்போது கை வைத்திருக்கிறார், கொடுப்பதற்கு முன்னால் நம்மிடம் என்ன கேட்கிறார் என்று மட்டும் பார்ப்பேன். பேர் போட்டு, போன மாதம் திருத்தி, ஒன்றும் கேட்காமல் கொடுத்தால் நட்சத்திரம். வாசலிலேயே "நீங்கள்தான் பத்து லட்சமாவது ஆள், பரிசு உங்களுக்கே" என்று மின்னினால் பெருக்கல் குறி. அந்தப் பரிசுக்காரர்கள் எத்தனை பேர் வீட்டு மெஷினைப் படுக்க வைத்தார்கள் என்று எனக்குத்தான் தெரியும்.

தலைப்புகளைப் போட்டது வாடிக்கையாளர்கள். அவர்கள் வாயில் என்ன வந்ததோ அதுவேதான் தலைப்பு. 'தொண்டை அடைச்சிருக்கு' என்றால் சத்தம் வரவில்லை. 'பேய் புடிச்சிருக்கு' வைரஸ். 'ஒரு பக்கம் இழுக்குது' என்றால் திரையில் படம் நகர்ந்து நிற்கிறது. எட்டயபுரம் பக்கம் ஆட்டுக்கிடை வைத்திருந்த ஒருவர், மகள் படிப்புக்கு வாங்கிய கம்ப்யூட்டரைத் துண்டில் சுற்றி பஸ்ஸில் கொண்டு வந்தார். மேசையில் இறக்கி வைத்துவிட்டு என்னிடம் கேட்டார்: "ஆடு நொண்டுச்சுன்னா எந்தக் காலுன்னு பாத்துருவேன். இதுக்குக் காலு எங்கம்மா இருக்கு?"

அன்றிலிருந்து எங்கள் கடையில் எந்த ரிப்பேருக்கும் முதல் பேச்சு "காலு எங்க இருக்கு?" என்பதுதான்.

கம்ப்யூட்டருக்குள் சொருகுகிற அட்டைகள், அதாவது கார்டுகள், பேர் தெரியாமல் நிறைய வரும். கம்பெனி பேர் இருக்காது, புத்தகம் இருக்காது, கூட வந்த சிடி எப்போதோ தொலைந்திருக்கும். அட்டையின் நடுவில் இருக்கிற கறுப்புச் சில்லின்மேல் பொடியாக ஓர் எண் அச்சடித்திருக்கும், அதுதான் பிடி. அந்த எண்ணை வைத்து அட்டையை இயங்க வைக்கும் டிரைவர் மென்பொருள் எது என்று கண்டுபிடித்துவிடலாம். ஆனால் நம் ஊரில் கரிசல் புழுதியும், மில் பஞ்சும், தீப்பெட்டி ஆபீஸ் தூசியும் ஒன்றாய்ச் சேர்ந்து எந்த எண்ணையும் மூடிவிடும். அதனால் "தொடைச்சிட்டுப் படி" என்பது அண்ணாச்சியின் கட்டளை. பெயின்ட் பிரஷ், பஞ்சு, ஸ்பிரிட், லென்ஸ் நான்கும் என் மேசையில் எப்போதும் இருக்கும்.

இவ்வளவையும் சொன்னது தங்கத்துரை கதையைச் சொல்லத்தான்.

தங்கத்துரைக்கு அப்போது முப்பது வயது இருக்கும். சின்ன வயதில் காய்ச்சலில் பார்வை போனவர். பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளியில் படிக்கும்போது டைப்ரைட்டிங் பழகியிருந்தார். பஸ் ஸ்டாண்டில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தார். எல்லார் பையிலும் செல்போன் ஏற ஆரம்பித்த சமயம் அது. "முன்னால வரிசையில நின்னு சண்டை போடுவாக. இப்பம் மழைக்கு ஒதுங்கத்தான் வாராக. அதுவும் நம்மூர்ல மழை எங்க பெய்யுது?" என்பார்.

தூத்துக்குடியில் ஓர் ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பார்வையில்லாதவர்களும் வரலாம், ஆனால் கம்ப்யூட்டரில் ஒரு கடிதம் அடித்துக் காட்ட வேண்டும். திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கிற மென்பொருள் ஒன்று இலவசப் பரீட்சார்த்தமாகக் கிடைக்கிறது என்று பழைய பள்ளி நண்பர் சொல்லியிருக்கிறார். எங்கள் கடையில் செகண்ட் ஹேண்டாக இருந்த மெஷின் ஒன்றை அவருக்கென்று எடுத்து வைத்தோம். அந்த மென்பொருளை நோட்டில் இருந்த ஒரு நட்சத்திர முகவரி வழியாகவே இறக்கிவிட்டேன். மெஷின்தான் வாயைத் திறக்கவில்லை. சவுண்ட் கார்டுக்கு டிரைவர் இல்லை.

அண்ணாச்சி தங்கத்துரையை உட்கார வைத்துக் கேள்வியை ஆரம்பித்தார்.

"என்ன வேணும்?"

"சத்தம் வேணும் அண்ணாச்சி."

"எதுக்கு வேணும்?"

"ஒங்களுக்குத் திரை எதுக்கு வேணுமோ அதுக்குத்தான்."

அண்ணாச்சி கொஞ்சம் தயங்கிவிட்டு மூன்றாவதையும் கேட்டார். "கெடைக்கலைன்னா என்ன செய்வீரு?"

தங்கத்துரை கையிலிருந்த மடக்குக் குச்சியை ஒவ்வொரு துண்டாக மடக்கினார். பிறகு விரித்தார். "அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல அண்ணாச்சி. சீட்டுல எடம் விட்டு வச்சிருங்க."

இடம் விட்டேன். அத்தனை வருடத்தில் நான் இடம் விட்ட சீட்டு அது ஒன்றுதான். பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது.

வேறு கார்டு மாற்றலாமே என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. அது பழைய மெஷின், பழைய நீளக் கார்டுதான் உள்ளே உட்காரும். மதுரையில் விசாரித்தால், "அதெல்லாம் இப்ப வாரதில்லம்மா" என்றார்கள்.

பெட்டியைத் திறந்தேன். ஆயுத பூஜைக்கு நான் வைத்த பொட்டுகள் உள்ளே காய்ந்து கிடந்தன. எல்லாரும் கம்ப்யூட்டர் மூடியில்தான் சந்தனம் வைப்பார்கள். எனக்கு அது பொய்யாகத் தோன்றும். உயிர் உள்ளேயல்லவா இருக்கிறது? அதனால் ஒவ்வொரு வருடமும் பெட்டியைத் திறந்து, விரலை விட்டு, முக்கியமான சில்லுகள் எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு பொட்டு வைப்பேன். சாமிக்கு வைத்த பொட்டைப் பிரஷ்ஷால் தேய்க்க மனசு வருமா? அதைச் சுற்றிலும் சுத்தமாகத் தூசி தட்டினேன். லென்ஸ் வைத்து எண்ணைப் படித்து நோட்டில் எழுதிக்கொண்டேன்.

அந்த எண்ணுக்கு டிரைவர் எங்கேயும் இல்லை. சில்லு செய்த கம்பெனியின் பக்கத்தைத் திறந்தால் கம்பெனியையே விற்றுவிட்டார்கள் என்றது. நட்சத்திரம் போட்டவற்றில் இரண்டு முகவரிகள் செத்துப்போயிருந்தன. கிடைத்த எதையாவது போட்டால் மெஷின் நீலத்திரை காட்டிப் படுத்துக்கொள்ளும். ஒரு வாரம் போனது, இரண்டாவதும் போனது. தங்கத்துரை தினமும் காலையில் பூத்தைத் திறக்கும் முன் வந்து கேட்பார்: "காலு கெடைச்சுதா அக்கா?"

கடைசியில் எங்கோ பனி கொட்டுகிற தேசத்தில் இருந்த ஒருவரைப் பிடித்தேன். அநாதையாகிப்போன பழைய கார்டுகளுக்கெல்லாம் டிரைவர் சேர்த்து வைத்து, கேட்பவர்களுக்குச் சும்மா கொடுப்பதை ஒரு பொழுதுபோக்காக வைத்திருந்தார். முகப்பில் பனி மூடிய தன் வீட்டுப் படம் போட்டிருந்தார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விவரமாக எழுதினேன். இரண்டு நாள் கழித்து இரண்டே வரியில் பதில் வந்தது. உங்கள் எண் முழுதாக இல்லை, தயவுசெய்து மறுபடி பாருங்கள் என்று.

எனக்கு வந்ததே கோபம். பரீட்சைக்கு ஐந்து நாள்தான் பாக்கி.

"அங்கன பனியில உக்காந்துக்கிட்டு இவருக்கு என்ன தெரியும்? நான் லென்சு வச்சு, ரெண்டு கண்ணாலயும் பாத்து எழுதியிருக்கேன்!"

சொன்ன பிறகுதான் பக்கத்து ஸ்டூலில் தங்கத்துரை உட்கார்ந்திருப்பது நினைவுக்கு வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். அண்ணாச்சி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தங்கத்துரைதான் முதலில் சிரித்தார். "ரெண்டு கண்ணு பத்தலை போலிருக்கே அக்கா. அதை இங்கன தாங்க."

கார்டைக் கழற்றி அவர் கையில் வைத்தேன். ஓரத்திலிருந்து ஆரம்பித்து மெதுவாக விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். நடுச்சில்லில் விரல் நின்றது.

"இங்கன என்னமோ மேடு தட்டுதே."

"அது பொட்டு."

நகத்தால் லேசாகச் சுரண்டி மூக்கருகே கொண்டுபோனார். "சந்தனம்! அக்கா, சில்லுக்குமா பொட்டு வச்சீய?"

"உசுரு உள்ளதானே இருக்கு" என்றேன், சத்தமே எழும்பாமல்.

"பொட்டுக்குக் கீழ என்ன இருக்கு?"

லென்ஸை எடுத்துப் பார்த்தேன். எண் முடிகிற இடத்துக்கு அப்புறம்தான் பொட்டை வைத்திருக்கிறேன் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். எண் அங்கே முடியவில்லை. பொட்டுக்குள் போயிருந்தது.

பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்துக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாச்சியைப் பார்த்தேன்.

"என்ன பாக்கே? சரஸ்வதி வந்து எண்ணை மறைக்கச் சொன்னாளா? தொடைச்சிட்டுப் படின்னு எத்தனை வருசமாச் சொல்லுதேன்!"

துடைத்தேன். இன்னும் இரண்டு எண்கள் இருந்தன. ஒன்பதும் எட்டும். இன்றைக்கும் அந்த இரண்டு எண்ணைச் சேர்த்து எங்கே பார்த்தாலும் எனக்குச் சந்தனம் மணக்கும்.

முழு எண்ணைப் பனிதேசத்துக்காரரின் பட்டியலில் தேடினால் நேராக வந்து நின்றது. ஆனால் பெரிய கோப்பு, எங்கள் லைனுக்கு முக்கால் மணி நேரமாவது ஆகும். மணி பத்தாகப் போகிறது. பத்து மணி என்றால் வடக்கத்திப் பார்ட்டிகள் ஒவ்வொருவராகக் கூப்பிடுகிற நேரம். அந்த நேரத்தில் அண்ணாச்சி போனை யாருக்கும் விட்டதே கிடையாது. நான் மதியம் போடலாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

அண்ணாச்சி தங்கத்துரை பக்கம் கையை நீட்டினார். "ஒம்ம பூத்துச் சாவியக் குடும்."

"எதுக்கு அண்ணாச்சி?"

"அங்கனருந்து பார்ட்டிக எல்லாத்துக்கும் நானே பேசிருதேன். பதினொன்னரை வரைக்கும் இந்த நம்பருக்கு எவனும் கூப்புடக் கூடாதுன்னு." வாசல்வரை போனவர் திரும்பி வந்து, மோடம் கீச்சிட்டு முடியும்வரை வேட்டியை இறக்கிவிட்டு நின்றுவிட்டுத்தான் கிளம்பினார்.

கோப்பு இறங்கியது. மூன்று ப்ளாப்பியில் துண்டு துண்டாகப் பிரித்து, அந்த மெஷினுக்குள் கொண்டுபோய் ஒட்டவைத்தேன். ஸ்பீக்கரைச் சொருகி மெஷினை அணைத்துப் போட்டேன். முதலில் மெஷின் எழுந்திருக்கிற பாட்டு. தங்கத்துரை குச்சியை இறுகப் பிடித்துக்கொண்டார். அப்புறம் ஒரு வெள்ளைக்காரக் குரல், திரையில் இருந்ததையெல்லாம் வரிசையாகப் படிக்க ஆரம்பித்தது. நான் உருவாக்கி வைத்திருந்த என் பெயர் போட்ட ஃபோல்டரைக் "கேனி அக்கா" என்று படித்தது.

"ஒங்க பேரைக் கடிச்சுத் துப்புதானே அக்கா!" என்று தங்கத்துரை சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தார். பிறகு தோள் துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு, "மறுபடி சொல்லச் சொல்லுங்க" என்றார்.

பாக்கி நாட்களில் பூத்தைப் பூட்டிவிட்டு எங்கள் கடையில்தான் கிடந்தார். இலவச மென்பொருள் நாற்பது நிமிடம்தான் பேசும், அப்புறம் மெஷினை அணைத்துப் போட வேண்டும். "நம்ம ஆபீஸ் வாட்ச்மேன் மாதிரி அப்பப்ப எழுப்பிவிடணும் போல" என்பார். பரீட்சைக்குப் போன அன்று எங்களிடம் வந்து சொல்லிவிட்டுப் போனார். முடிவு தெரியவில்லை. இரண்டு வாரம் பூத் பூட்டியே கிடந்தது. அண்ணாச்சி பஸ் ஸ்டாண்ட் பக்கம் போகும்போதெல்லாம் அதைப் பார்த்துவிட்டு வருவார்.

ஒரு மத்தியானம். குளத்தூரிலிருந்து வந்த ஒரு வாத்தியாருக்காகப் பிரிண்டர் டிரைவர் இறக்கிக்கொண்டிருந்தேன். தொண்ணூறு சதவீதம் வந்துவிட்டது. திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தொண்ணூற்றொன்று. இணைப்பு அறுந்தது. போன் அடித்தது.

ரிசீவரைப் பிடுங்கி, "யாரது?" என்று எரிந்து விழுந்தேன்.

"ஆஸ்பத்திரி டெலிபோன் போர்டுலருந்து பேசுதோம்" என்றது ஒரு கனத்த குரல். "என்ன வேணும்? எதுக்கு வேணும்?"

ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"அக்கா, நாந்தான். லைனை அறுத்துட்டேனா?"

"அறுத்திட்டீரு."

"அறுந்தா அறுந்திட்டுப் போகுது. இங்கன சேந்து எட்டு நாளாச்சு. எந்நேரமும் போனு, ஒங்களுக்குச் சொல்ல இன்னைக்குத்தான் ஒரு மூச்சு கெடைச்சுது. அந்தச் சீட்டுல எனக்கு எடம் விட்டு வச்சீயள்லா, அதை அடிச்சிருங்க. அண்ணாச்சிக்கிட்டயும் சொல்லிருங்க. வைக்கேன், ரெண்டு லைன் கூப்புடுது."

சீட்டு நோட்டிலேயே ஒட்டியிருந்தது. மூன்றாவது கேள்விக்கு எதிரே இருந்த வெற்றிடத்தில் குறுக்கே ஒரு கோடு இழுத்தேன். என் தோளுக்குப் பின்னால் நின்று அண்ணாச்சி பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாத்தியார் சாமான் போச்சா?"

"தொண்ணூத்தொண்ணுல போச்சு அண்ணாச்சி."

வேட்டியை இறக்கிவிட்டார். "மறுபடி போடு தாயி."